வார்னிஷ் காயட்டும்

“அந்தப் பெஞ்சை விட்டிரு லிஜினே. வேற என்ன வேணுமோ எடு.”

சொல்லிவிட்டு ராஜையன் புகைப்புரையின் சாத்திய கதவுக்கு முன்னால் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்ட சின்னக் கட்டடம் அது. தோட்டத்து ரப்பர் மரங்களை முறித்து விற்ற பிறகு, அதைத் தன்னுடைய மர வேலைக்கு வைத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் வாசல் நிலையில் ஊன்றியிருந்த விதத்தைப் பார்த்தால், உள்ளே யாரையோ ஒளித்து வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றும்.

லிஜின் திகைத்துப் போனான். ஆட்டோ ஓட்டுகிறவன், சபைக் கமிட்டியில் இருக்கிறவன். பந்தல் போடுவதிலிருந்து கல்லறையில் கடைசி மண் தள்ளுவது வரை அந்த ஊர்ச் சாவுகள் எல்லாம் அவன் தோளில்தான். சபையிலிருந்து கொண்டுவந்த, சவப்பெட்டி வைக்கிற இரும்பு ஸ்டாண்டு, டெம்போவிலிருந்து இறக்கும்போதே வெல்டிங் விட்டு ஒரு காலை நீட்டிவிட்டது. பெட்டியை எதன் மேல் வைப்பது என்று தேடியபோது, “ராஜையன் புதுசா ஒரு அயினிப் பெஞ்சு செஞ்சு வச்சிருக்காரே, ஆனை இருந்தாலும் தாங்கும்” என்று யாரோ சொன்னார்கள். வந்து கேட்டால் இப்படி.

“மாமா, ஒரு மணிக்கூர் காரியந்தான். போதகர் ஐயா இப்பம் வந்திருவாரு. பெட்டியத் தரையில வைக்க முடியுமா?”

“ரெண்டு கசேரயச் சேத்துப் போடு.”

“கசேரயில பெட்டி நிக்குமா மாமா?” லிஜின் பந்தலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தான்.

“அப்பம் பலகை எதாவது பாரு. இது வேண்டாம்.”

லிஜினும் கூட வந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளறையில் குளிர்பெட்டிக்குள் கிடப்பது அவருடைய சொந்த மனைவி ராகேல். அவளை வைக்கப் பெஞ்சு தரமாட்டேன் என்கிறார் மனுஷன். சாவு வீட்டில் சாமான் கேட்டு இல்லை என்ற வார்த்தையை லிஜின் இதுவரை கேட்டதே இல்லை. “பாலிஷ் போயிருமேன்னு பாக்காரு போல” என்று ஒருவன் திரும்பிப் போகும்போது முணுமுணுத்தது ராஜையன் காதில் நன்றாகவே விழுந்தது. விழட்டும் என்று நின்றார்.

பாலிஷாவது மண்ணாவது.

அந்தப் பெஞ்சின் கதையே ராகேலின் சாப்பாட்டுக் கதைதான். குலசேகரத்தில் அவளுடைய அப்பாவின் தோட்டத்து விளையில் நின்ற அயினி மரத்தை அறுத்துச் செய்த சாப்பாட்டு மேசை, கல்யாணத்தில் அவளோடு வந்தது. கனமான மேசை. வெயிலும் புகையும் எண்ணெய்க் கையும் பட்டுப் பட்டு நல்ல காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. அதில் ராஜையன் சாப்பிட்டார், பிள்ளைகள் சாப்பிட்டார்கள், வந்தவர் போனவரெல்லாம் சாப்பிட்டார்கள். கொண்டுவந்தவள் மட்டும் அதில் உட்காரவில்லை. நாற்காலிகள் நாலுதான். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு அடுக்களையில் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு, நின்றபடியே தின்றுவிடுவாள். ராஜையன் அவளை உட்காராதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. உட்கார் என்றும் சொன்னதில்லை. அது அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

அவளாகத்தான் ஒருநாள் ஆரம்பித்தாள். அண்ணன் விளையில் அதே ஜாதி அயினி ஒன்று காற்றில் சாய்ந்துவிட்டதாகச் சேதி வந்திருந்தது.

“இஞ்சேருங்க, அந்த மரத்துல ஒரு பெஞ்சு செய்யுங்க. சன்னல் பக்கம் கசேரய எடுத்துட்டு பெஞ்சு போட்டிரலாம். பெஞ்சுன்னா கொஞ்சம் தள்ளி இருங்கன்னு சொன்னா இன்னொரு ஆளுக்கு எடம் கெடைக்கும். அடுக்களைப் பக்கத்து மூலை எனக்கு. எழும்பிப் போய் எடுத்து வைக்கவும் லேசு.”

“ஒனக்கா?”

“ஏன், நான் இருந்து திங்கப்பிடாதா? முட்டு வலிக்கில்லா.”

ராஜையன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தின் மேல் அவசரப்பட்ட ஆட்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தவர். அதனால் எதையும் மூன்று தடவை சோதிக்காமல் தொடமாட்டார். பலகை வந்து இறங்கியதும் புகைப்புரையில் அடுக்கி, நடுவில் கட்டைகள் கொடுத்து, காற்றோட்டம் விட்டுக் காயப் போட்டார். பச்சைப் பலகையில் பெஞ்சு செய்தால் வளைந்து போகும் என்றார். வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழை ஒன்று போனது. இன்னும் ஈரம் இருக்கிறது என்றார். அடுத்த வருஷத்து மழையும் போனது.

“நீங்க மரத்தக் காய வையுங்க. அது காயுறதுக்குள்ள நான் காய்ஞ்சு போவேன்” என்று ராகேல் சிரித்தாள்.

பிறகு நிறம். மேசை காப்பி நிறம், புதுப் பலகை மஞ்சள். மேசையும் பெஞ்சும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டும் என்று துண்டுக் கட்டைகளில் விதவிதமாகச் சாயம் கலந்து பூசி, மேசை மேல் வைத்து வைத்துப் பார்த்தார். சோறு பரிமாற வந்தவள் அந்தக் கட்டைகளைத் தள்ளித் தள்ளியே இளைத்துப் போனாள். “எனக்கு நெறம் வேண்டாம், இருக்க எடம் போரும்” என்பாள். அவர் கேட்கமாட்டார். மேசைக் காலில் என்ன கடைசலோ அதே கடைசல், என்ன விளிம்போ அதே விளிம்பு. சும்மா சொல்லக் கூடாது, வேலை அவ்வளவு சுத்தம்.

கடைசிப் பூச்சு வார்னிஷ் நேற்றுக் காலையில்தான் அடித்தார். அவள் சாயா கொண்டுவந்தாள். நீல நைட்டி, தோளில் துவர்த்துத் துண்டு. பெஞ்சைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“கொள்ளாமே, நல்லாருக்கே! இருந்து பாக்கட்டா?”

“ஏட்டி, தொடாதே! வார்னிஷ் காயல. துணியில பிடிக்கும், பெஞ்சும் கேடாவும். நாளைக்கு இரு.”

“நாளைக்கா? செரி, நாளைக்கு” என்று அவள் சிரித்துக்கொண்டே டம்ளரை வாங்கினாள்.

அவர் பெஞ்சுக் காலுக்கு ரப்பர் புஷ் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். திரும்பி வந்தபோது அடுக்களைத் தரையில் கிடந்தாள். தேங்காய் பாதி துருவியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர் பார்த்துவிட்டு, கொண்டு போங்க என்றார். புஷ் இப்போதும் அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது.

நாளைக்கு என்று சொன்ன அந்த நாள் இதுதான். பெட்டியோடு கொண்டுபோய் அவளை அந்தப் பெஞ்சில் வைக்கச் சொல்கிறார்கள்.  உயிரோடு இருந்தவளைத் தொடாதே என்று விரட்டிவிட்டு, செத்த பிறகு இந்தா வந்து இரு என்பதா?

“லே ராஜையா, ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?”

பின்கட்டிலிருந்து அக்காள் ராஜமணி வந்தாள். வாயும் கையும் ஒன்றாக வேலை செய்கிறவள். ராகேலைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சேலை உடுத்தி, தலை வாரிப் பூ வைத்ததெல்லாம் அவள்தான். அழுது அழுது அவளுடைய தொண்டை கட்டியிருந்தது.

“ஊரு என்ன சொல்லுதுன்னு கேட்டியா? பெண்டாட்டிக்குப் பெஞ்சு குடுக்காதவன்னு சொல்லுது. ஒரு சவத்துப் பலகைக்குப் போயி இந்த நாள்ல பேர் எடுக்கணுமா?”

“பெட்டி வச்சா பெஞ்சு பெறவு வீட்டுக்குள்ள வருமா?”

“அது எப்படிலே வரும்? பெட்டி இருந்த பெஞ்சில இருந்து சோறு திங்கவா? சபைக்குக் குடுத்திருவோம். புண்ணியமாட்டும் போகும்.”

வேதத்தில் எங்கேயும் அப்படி எழுதவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் உண்டு. அவர்களுடைய அப்பா இறந்தபோது பெட்டி வைத்த கட்டில், அடக்கம் முடிந்த கையோடு யாருக்கோ போனது. அம்மா இறந்தபோது ஒரு நல்ல தேக்கு ஸ்டூல். ராஜமணி இருக்கும்வரை இது மாறப்போவதில்லை என்று ராஜையனுக்குத் தெரியும். அதற்காகத்தான் வாசலில் நின்றார். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் அவருக்கு வரவில்லை.

ராஜமணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். குரல் தணிந்தது.

“பாவம், கடைசிவரைக்கும் ஓட்டந்தான் அவளுக்கு. நேத்துக்கூட எங்க போய் இருந்தாளோ, நைட்டிக்குப் பின்னால பூரா பிசுபிசுன்னு ஒட்டிக் கெடந்து. கையிலயும் இருந்து. ரப்பர் பாலாட்டும் இருக்கும். பக்கத்து விளையில பால் வடியுற சிரட்டை எதுலயாவது போய் இருந்திட்டாளோ என்னமோ. எண்ணெய் போட்டுத் தேச்சுத்தான் கையக் கழுவி விட்டேன்.”

ராஜையன் அதைக் காதில் வாங்கினார், மனதில் வாங்கவில்லை. மழைக் காலத்தில் எவன் பால் வெட்டுகிறான் என்று மட்டும் எங்கோ ஒரு மூலையில் உறுத்தியது.

அதற்குள் மகன் டெனிஷ் வந்துவிட்டான். கொச்சியிலிருந்து மனைவியோடு காரில் விடிய விடிய ஓட்டிவந்தவன். கண் சிவந்திருந்தது. அத்தையை, “நீங்க போங்க, நான் பேசுதேன்” என்று அனுப்பினான். 

“அப்பா, போதகர் வந்தாச்சு. அம்மாவப் பெட்டியில எடுத்து வச்சாச்சு. நாலு பேரு கையில தூக்கிட்டே நிக்காங்க. எங்க வைக்கன்னு கேக்காங்க.”

ராஜையன் நிலையிலிருந்து கையை எடுத்தார்.

“கையிலயா வச்சிட்டு நிக்காங்க?”

“பின்னெ?”

 அவரால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. திரும்பிக் கதவின் கொண்டியைத் தட்டித் திறந்தார். உள்ளே ஒழுகும் கூரைக்கு அடியில் தார்ப்பாயைப் பந்தல் மாதிரி உயரமாகக் கட்டி, அதன் கீழே பெஞ்சை விட்டிருந்தார். நேற்றுக் காலைக்குப் பிறகு அவர் உள்ளே வரவே இல்லை. கதவு திறந்ததும் வெளிச்சம் பெஞ்சின் மேல் சாய்வாக விழுந்தது.

பளபளவென்று கிடந்தது பெஞ்சு. ஒரு மூலையைத் தவிர.

அந்த மூலையில் மட்டும் பளபளப்பு இல்லை. ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு மங்கியிருந்தது. ராஜையன் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார். வார்னிஷில் துணியின் இழை ஒவ்வொன்றும் அச்சாகப் பதிந்திருந்தது. நடுவில் நீலமாக ஒரு நூல் ஒட்டியிருந்தது. பக்கத்தில் விளிம்பில் உள்ளங்கையும் விரல்களும். முட்டு வலிக்காரி, கையை ஊன்றாமல் எழும்ப முடியாது.

அவர் கடைத்தெருவுக்குப் போன பிறகு வந்திருக்கிறாள். கொண்டியைத் திறந்து, உள்ளே வந்து, தனக்கென்று கேட்ட மூலையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். எவ்வளவு நேரம் இருந்தாளோ. துணியில் பிடித்துக்கொண்டதும் ஐயோ என்று எழும்பி, அவர் வந்தால் வசவு விழும் என்று கதவைச் சாத்திவிட்டுத் தேங்காய் துருவப் போயிருக்கிறாள்.

ராஜையனுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. “சொன்னா கேக்கமாட்டா, ஒனக்க அம்ம” என்று மகனிடம் சொன்னார்.  நேற்றிலிருந்து அழாத மனுஷன் பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.

டெனிஷ் குனிந்து பார்த்தான். அந்த நூலையும் கை அச்சையும் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு மெல்லத்தான் விளங்கியது. அப்பாவின் தோளில் கை வைத்தான்.

“அப்பா, இது வேண்டாம்பா. நான் வேற எதாவது பாக்கேன்.”

“வேண்டாம். அவ இருந்தாச்சு” என்று ராஜையன் தோளில் கிடந்த துவர்த்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “இனி என்ன? எடுத்துட்டுப் போ. பைய. இந்த மூலையில மட்டும் கை வைக்காண்டாம்னு சொல்லு.”

பெஞ்சு பந்தலுக்கு வந்தது. பெட்டியை அதன் மேல் வைத்தார்கள். அயினிப் பலகை ஒரு முனகல்கூட இல்லாமல் தாங்கியது. பாட்டுப் பாடினார்கள், ஜெபம் பண்ணினார்கள். போதகர் ராகேலின் உபசரிப்பைப் பற்றிச் சொன்னார். இந்த வீட்டுக்கு வந்த ஒருவரையும் சாப்பிடாமல் அனுப்பியதில்லை என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ராஜையன் பெட்டியைப் பார்க்கவில்லை. பெட்டிக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டு தெரிந்த அந்த மங்கிய மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா பார்த்தவர்களுக்கு, பாலிஷுக்கு என்ன ஆச்சோ என்று பார்ப்பதாகத்தான் தோன்றியிருக்கும்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. பந்தலில் பெஞ்சு மட்டும் தனியாகக் கிடந்தது. லிஜின் டெம்போவைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்தான். உடைந்த ஸ்டாண்டை ஏற்றிவிட்டுப் பெஞ்சுக்கு வந்தான்.

“மாமா, ராஜமணி மாமி சபைக்குன்னு சொன்னாங்க.”

ராஜையன் அவனைத் தாண்டி வந்தார். பெஞ்சைத் தலைகீழாகக் கவிழ்த்தார். துவர்த்தை மடித்து அந்த மூலைக்கு அடியில் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து ரப்பர் புஷ்களை எடுத்து நாலு காலிலும் ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றினார்.

“டெனிஷே, அந்தப் பக்கம் பிடி.”

“எங்கோட்டு?”

“உள்ளகோட்டு.”

ராஜமணி வாசலில் வந்து நின்றாள். “லே, அது பெட்டி இருந்த பெஞ்சு!”

“அதுக்கு முன்ன அவ இருந்த பெஞ்சு” என்றார் ராஜையன். “வழிய விடு அக்கா. கனம் இருக்கு.”

ராஜமணி வாயைத் திறந்தாள். மூலையில் ஒட்டியிருந்த நீல நூல் அவள் கண்ணில் பட்டது. அவள் கழற்றிய நைட்டி. ரப்பர் பால் என்று நினைத்து எண்ணெய் போட்டுத் தேய்த்த கை. “அட பாவி மகளே” என்று மட்டும் சொன்னாள். ஒதுங்கி வழி விட்டாள்.

சன்னல் பக்கத்து நாற்காலிகளை எடுத்துவிட்டுப் பெஞ்சைப் போட்டார்கள். மங்கிய மூலை தப்பான பக்கம் வந்துவிட்டது. ராஜையன் திருப்பிப் போடச் சொன்னார். அது அடுக்களைப் பக்கம் வந்ததும் குனிந்து மேசையோடு சேர்த்துப் பார்த்தார். உயரம் சரி. விளிம்பு சரி. நிறம் மட்டும் இன்னும் ஒரு பொட்டு மஞ்சள்தான். அத்தனை சாயம் கலக்கியும் சேரவில்லை.

“பொறவு ஒரு நாள் உப்புப் பேப்பர் போட்டுத் தேச்சு ஒரு கோட்டு அடிச்சா இந்த மூலையும் செரியாயிரும்பா” என்று டெனிஷ் சொல்லிவிட்டு, சொன்னது தப்பு என்று அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். ராஜையன் கேட்காதது போல் கை கழுவப் போனார்.

அடுப்புப் பற்றவைக்காத வீடு. பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சியும் பயறும் கொள்ளை அரைத்த காணத் துவையலும் வந்திருந்தன. நாற்காலிகளில் ராஜமணியும் டெனிஷும் உட்கார்ந்தார்கள். ராஜையன் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார். மருமகள் ஜினிஷா எல்லாருக்கும் கஞ்சி ஊற்றினாள். காலையிலிருந்து ஒரு பருக்கை தின்னாதவள். ஊற்றி முடித்துத் தனக்கும் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, கரண்டியோடு அடுக்களை மேடைப் பக்கம் போனாள். அங்கே சாய்ந்து நின்று கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனாள்.

ராஜையன் நிமிர்ந்து பார்த்தார். 

“மக்கா, இங்க வா.”

“என்ன மாமா, துவையல் வேணுமா?”

“ஒண்ணும் வேண்டாம். நீ இங்க வந்து இரு.”

ஜினிஷா கிண்ணத்தோடு வந்தாள். அடுக்களைப் பக்கத்து மூலையில், ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அது மட்டும் வேறு மாதிரி மங்கியிருப்பதைப் பார்த்துத் தயங்கினாள். டெனிஷ் ஏதோ சொல்ல வந்து அப்பா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ராஜமணி கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, வார்னிஷ் காயல்லியா இதுல?”

ராஜையன் இடது கையை நீட்டி அந்த மூலையில் வைத்தார். சின்னச் சின்ன இழைகள் உள்ளங்கையில் சொரசொரவென்று தட்டுப்பட்டன. கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தார்.

“காய்ஞ்சாச்சு” என்றார். “நீ இரு.”

அவள் உட்கார்ந்தாள். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, துவையல் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.